தீப்பெட்டியும் கரிசலும் கேட்கும் பாஸ்பரஸ்

2021 செப்டம்பரில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் மின்சாரம் போதவில்லை. கரண்டை அதிகம் விழுங்கும் ஆலைகளுக்கு மாகாண அரசு கடிவாளம் போட்டது. மஞ்சள் பாஸ்பரஸ் ஆலைகள் ஆகஸ்டில் செய்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உற்பத்தி செய்யக் கூடாது, ஆண்டு முடியும்வரை இதே நிலை என்று உத்தரவு. அடுத்த மாதம் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் கூடின. மஞ்சள் பாஸ்பரஸிலிருந்து செய்யும் சிவப்பு பாஸ்பரஸ், கிலோ 425 ரூபாய்க்கு வாங்கியது, 810 ரூபாயைத் தொட்டிருந்தது. மெழுகு 58 ரூபாயிலிருந்து 80 ரூபாய். மேல்பெட்டி அட்டை, அடிப்பெட்டி அட்டை எல்லாமே ஏற்றம். 2007 முதல் பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கே விற்ற தீப்பெட்டி அந்த டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது.

அதே அக்டோபரில் சீனா உர ஏற்றுமதிக்கும் புதிய சோதனை விதிகளைக் கொண்டுவந்தது. உலகச் சந்தையில் பாஸ்பரஸ் உரமான டி.ஏ.பி.யின் விலை அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை இந்திய அரசு மே மாதமே 1,200 ரூபாயாக உயர்த்தியிருந்தது. அக்டோபரோ சிவகாசி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில் மானாவாரி விதைப்புக் காலம். தீப்பெட்டி ஆபீசும் பருத்திக் காடும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் வட்டாரம் இது. இரண்டையும் ஒரே பருவத்தில் உலுக்கியது ஒரே தனிமம்.

பாஸ்பரஸ் பாறை விருதுநகர் மாவட்டத்தில் கிடையாது. பாஸ்பரஸ் உலை கிடையாது. ஆனால் அந்தச் சத்தை நம்பியே மாவட்டத்தின் ஆலையும் வயலும் நிற்கின்றன. இதற்கு வேதிப் பொறியியல் என்ன விடை வைத்திருக்கிறது, பக்கத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பது அவசியமாகிவிட்டது.

பெட்டியின் ஓரத்தில்

தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, சில நிரப்பிகள். பாஸ்பரஸ் அங்கே இல்லை. பெட்டியின் ஓரத்தில் தடவிய பழுப்புப் பட்டையில்தான் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது, கண்ணாடித் தூளோடும் பசையோடும் கலந்து. உரசும்போது அதில் துளியளவு சூடேறி, தலையிலுள்ள குளோரேட்டோடு சேர்ந்து பற்றிக்கொள்கிறது. குச்சியை ஊதி அணைத்த பிறகு கங்கு உயிரோடு கிடந்து பஞ்சிலோ கூரையிலோ பிடித்துவிடாமல் இருக்க, மரக்குச்சிகளை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் நனைத்து உலர்த்துவது தீப்பெட்டித் தொழிலின் பழைய முறை. தொழிற்சாலைச் சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பான்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருக்கும் மஞ்சள் தூளும் அம்மோனியம் பாஸ்பேட்தான். பற்றவைப்பது பாஸ்பரஸ்; அணைப்பது பாஸ்பேட். பிள்ளைகள் தீபாவளித் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டு கேப்பிலும் சுருள் கேப்பிலும் சிவப்பு பாஸ்பரஸ் உண்டு. அங்கே குளோரேட்டும் அதுவும் ஒன்றாகவே கலந்து கிடப்பதால், அந்தக் கலவையைக் கையாள்வது இந்தத் தொழிலின் ஆபத்தான வேலைகளில் ஒன்று.

தீப்பெட்டியின் பழைய கதை கொடூரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தீக்குச்சிகளின் தலையில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடையெலும்பு அழுகியது. 1888-இல் லண்டன் பிரயண்ட் அண்ட் மே தொழிற்சாலையில் பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தத்தில் இறங்கிய காலத்தில், அந்த நோயும் அவர்களுடைய துயரங்களில் ஒன்றாக இருந்தது. 1906-இல் பெர்ன் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளை விலக்கியது. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பித் தொழில் தொடங்கியது 1920-களின் தொடக்கத்தில். ஆக, சிவகாசித் தீப்பெட்டி பிறந்ததே சிவப்பு பாஸ்பரஸ் காலத்தில். இந்த ஊர் அந்தத் தாடை நோயிலிருந்து தப்பியது ஒரு சட்டத்தாலும், வெள்ளையைச் சிவப்பாக்கிய வேதியியலாலும்தான்.

அந்தச் சிவப்பு நெடுங்காலம் கப்பலில்தான் வந்தது. ரஜ்ஜு ஷ்ராஃப் 1969-இல் குஜராத்தின் வாப்பியில் யுனைடெட் பாஸ்பரஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது முதலில் செய்த சரக்கு சிவப்பு பாஸ்பரஸ். இன்று யு.பி.எல். என்ற பெயரில் உலகளாவிய பூச்சிமருந்து நிறுவனமாக நிற்பது அப்படித் தொடங்கிய ஒன்று. செய்முறை சொல்ல எளிது. வெள்ளை பாஸ்பரஸைக் காற்றுப் புகாத கலத்தில் 250 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சூட்டில் வைத்திருந்தால் அது சிவப்பாக உருமாறும். பிறகு அரைத்து, கழுவி, எஞ்சிய வெள்ளையை முழுக்க நீக்கி, ஈரத்தில் கெடாமல் இருக்க நிலைப்படுத்த வேண்டும். இந்த வேலை இந்தியாவிலேயே நடந்தாலும் அதற்கு மூலப்பொருளான வெள்ளை பாஸ்பரஸ் வெளியிலிருந்து வருகிறது. சந்தையில் மஞ்சள் பாஸ்பரஸ் என்று விற்பதும் இதுவே. உலகில் இதைப் பேரளவில் செய்யும் நாடுகள் நான்கே: சீனா, வியட்நாம், கஜகஸ்தான், அமெரிக்கா. ஐரோப்பாவின் கடைசி ஆலையான நெதர்லாந்தின் தெர்ம்ஃபாஸ் 2012-இல் திவாலானது.

உலை வேண்டாம்

அப்படியானால் ஓர் உலையை இங்கேயே போட்டால் என்ன? கேட்க வேண்டிய கேள்விதான். பாஸ்பேட் பாறை, வெங்கச்சங்கல், கோக் கரி மூன்றையும் மின்வில் உலையில் போட்டு 1,500 டிகிரி அளவுக்குக் கொதிக்கவிட்டால் பாஸ்பரஸ் ஆவியாகக் கிளம்பும்; அதைத் தண்ணீருக்கடியில் பிடித்துச் சேர்க்க வேண்டும். ஒரு டன் பாஸ்பரஸுக்கு 13,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தாலும் கரண்டு பில் மட்டும் டன்னுக்கு 90,000 ரூபாயைத் தாண்டும். அருப்புக்கோட்டையைத் தாண்டினால் கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது என்று யாராவது சொல்லலாம். சூரியன் மாலையில் இறங்கிவிடும். இந்த உலை இரவும் பகலும் கொதித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். உள்ளே கார்பன் மோனாக்சைடு. வெளியே காற்றுப் பட்டவுடன் தானாகத் தீப்பிடிக்கும் சரக்கு. வெடிவிபத்துகளில் ஆண்டுதோறும் உயிர்களைப் பறிகொடுக்கும் ஒரு மாவட்டத்தில் இன்னொரு நெருப்பைக் கொண்டுவந்து வைக்கும் யோசனையைக் கைவிடுவதே நியாயம்.

மிச்சம் பிடிப்பது வேறு விஷயம். அதற்கு இந்த ஊரில் ஆள் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, ஒரு நூற்றாண்டுப் பழக்கமும் இருக்கிறது. வெளிநாட்டுத் தீப்பெட்டிகள் பலவற்றில் உரசும் பட்டை முழுப் பூச்சாக இருக்காது. தேன்கூட்டுக் கண்கள்போலப் புள்ளி புள்ளியாக அச்சடித்திருக்கும். குச்சியின் தலை ஓடும் வழியில் போதிய புள்ளிகள் இருந்தால் தீ பிடித்துக்கொள்ளும். இடையிலுள்ள வெற்றிடத்தில் மருந்து வீணாவதில்லை. இந்தியாவின் காலண்டர்களிலும் நோட்டுப் புத்தகங்களிலும் லேபிள்களிலும் பெரும்பங்கை அச்சடிக்கிற ஊருக்குப் புள்ளி அச்சு புதிதல்ல. சவால் மசியில் இருக்கிறது. கண்ணாடித் தூள் கலந்த பாஸ்பரஸ் மருந்தைத் திரையை அடைக்காமல், கட்டி தட்டாமல், ஒரே கனத்தில் இறக்க வேண்டும். அச்சு உருளையின் உராய்வில் தீ வந்துவிடவும் கூடாது. துகளின் அளவு, பசையின் பாகு, உலர்த்தும் சூடு மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒரு வேதிப் பொறியாளரும், ஓர் அச்சக ஃபோர்மேனும், தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்கிப் பழகிய ஒருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது.

இப்படிச் சேர்ந்து உட்காருவது சிவகாசிக்கு வழக்கம்தான். பட்டாசுக்கு வேண்டிய அலுமினியத் தூளுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த காலத்தில், சிவகாசித் தொழில்முனைவோர் கூட்டாக முதல் போட்டு 1960-களில் திருமங்கலத்தில் மெட்டல் பவுடர் கம்பெனியைக் கட்டினார்கள். அதன் சுருக்கப் பெயரும் ஜெர்மன் கூட்டாளியான ஷ்லெங்க்கின் பெயரும் சேர்ந்ததே சிவகாசியிலுள்ள மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசின் வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, நாக்பூரிலுள்ள நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசுக்கான கலவைகளைத் தந்தது; மூலப்பொருள்களைச் சோதித்துச் சொல்ல சிவகாசியிலேயே ஆய்வகமும் வந்தது. நெருக்கடி வந்தால் வேதியியலைத் தேடிப் போக இந்த ஊர் தயங்கியதில்லை. சிவப்பு பாஸ்பரஸ் இரட்டை விலையானபோது மட்டும் விடை சில்லறை விலையோடு நின்றுபோனது வருத்தம் தருகிறது.

தூத்துக்குடி சாலை

தீப்பெட்டிக்குப் போகும் பாஸ்பரஸ் மொத்தக் கணக்கில் கையளவுதான். உலகில் தோண்டும் பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி வயலுக்குப் போகிறது. விருதுநகர் வயல்களுக்கு அந்தச் சத்து வரும் வழிகளில் முக்கியமானது தூத்துக்குடி.

எம்.ஏ. சிதம்பரமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1969-இல் ஸ்பிக் நிறுவனத்தை உருவாக்கினார்கள். 1970-களின் நடுவில் தூத்துக்குடி வளாகம் இயங்கத் தொடங்கியது. 2011-இல் அதன் பாஸ்பேட் பிரிவு கிரீன்ஸ்டார் நிறுவனத்துக்குக் கைமாறியது. துறைமுகத்தில் இறங்கும் பாறையைத் தூளாக்கி, கந்தக அமிலத்தோடு கலந்து எழுபது எண்பது டிகிரியில் கிளறினால் பாஸ்பாரிக் அமிலம் ஒரு பக்கம், ஜிப்சம் இன்னொரு பக்கம். வடிகட்டியில் இரண்டும் பிரியும். அமிலத்தோடு அம்மோனியா சேர்ந்தால் டி.ஏ.பி. உலகம் முழுவதும் நடக்கும் முறை இதுதான். உலகின் பாறை இருப்பில் சுமார் எழுபது சதவீதம் மொராக்கோவின் வசம் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் கணக்கிடுகிறது. இந்தியாவுக்குச் சொந்தமாகப் பேசத்தக்க பாறை ராஜஸ்தானின் ஜாமர்கோட்ராவிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான்.

ஒரு டன் பாஸ்பாரிக் அமிலச் சத்துக்குச் சுமார் ஐந்து டன் ஜிப்சம் கழிவாக விழும். மலையாகக் குவியும் இந்தப் பாஸ்போஜிப்சத்தில் கொஞ்சம் அமிலமும் ஃபுளோரைடும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாறையில் சிறு அளவில் உள்ள யுரேனியத்தின் வாரிசான ரேடியமும் இதில்தான் வந்து சேரும். கட்டடப் பொருளாகப் பயன்படுத்த வேண்டுமானால் கிராமுக்கு ஒரு பெக்கரலுக்கு மேல் ரேடியம் இருக்கக் கூடாது என்பது இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு.

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் வழியில் ராமசாமிராஜா நகர் இருக்கிறது. 1957-இல் உருவான மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இன்றைய ராம்கோ, தன் முதல் ஆலையை எழுப்பிய இடம் அதுவே. சிமெண்ட் கிளிங்கரை அரைக்கும்போது நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஜிப்சம் சேர்த்தாக வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பட்ட நொடியே கலவை இறுகிக் கொத்தனார் கையிலேயே கல்லாகிவிடும். தமிழ்நாட்டில் நல்ல இயற்கை ஜிப்சம் குறைவு. உர ஆலையின் கழிவு சிமெண்ட் ஆலையின் சரக்காவது இப்படித்தான். இந்தியாவில் பாஸ்போஜிப்சத்தை அதிகம் விழுங்கும் தொழில் சிமெண்ட்.

ஆனால் சுத்தமில்லாத ஜிப்சம் எதிர்த்திசையில் தொல்லை தரும். அதில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் சிமெண்ட் இறுகுவதை அளவுக்கு மீறித் தாமதப்படுத்தும். கழுவுவது ஒரு வழி. சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை முறிப்பது இன்னொரு வழி. இரண்டும் நோய் வந்த பிறகு செய்யும் வைத்தியம். வேரிலேயே மாற்றுவதென்றால் அமில ஆலையின் படிகமாக்கும் முறையை மாற்ற வேண்டும். பழைய முறையில் ஜிப்சம் ஒரே கட்டத்தில் படிகமாகிறது. படிகத்துக்குள்ளேயே கொஞ்சம் பாஸ்பேட் சிக்கிக்கொண்டு போய்விடும். முதலில் உயர்ந்த சூட்டில் அரைநீர்ப் படிகமாக்கி, பிறகு குளிர்த்து மீண்டும் கரைத்து முழுப் படிகமாக வளரவிட்டால், சிக்கிய பாஸ்பேட் அமிலத்துக்கே திரும்பிவிடும். பழைய முறையில் பாறையின் சத்தில் 95 சதவீதம் அளவு கிடைக்கும். இரண்டு கட்ட முறையில் 98-ஐத் தாண்டும். மூன்று சதவீதம் சின்னதாகத் தோன்றலாம். பாறை முழுக்கக் கடல் தாண்டி வரும்போது, அந்த மூன்று சதவீதம் நாம் காசு கொடுத்து வாங்கிக் கழிவுமேட்டில் கொட்டும் உரம். கூடவே வெளிவரும் ஜிப்சமும் ராமசாமிராஜா நகர் போன்ற ஆலைகள் நேராக எடுத்துக்கொள்ளும் தரத்தை நெருங்கும்.

பாறையில் மூன்று நான்கு சதவீதம் ஃபுளோரினும் உண்டு. புகையோடு போகவிட்டால் நஞ்சு. தண்ணீரில் பிடித்தால் அலுமினியம் உருக்கும் ஆலைகளுக்கு வேண்டிய அலுமினியம் ஃபுளோரைடு செய்யலாம். ஸ்பிக் வளாகத்திலேயே அதைச் செய்த அனுபவம் உண்டு.

தூத்துக்குடியில் வேதி ஆலைகளைப் பற்றிப் பேசும்போது 2018 மே 22-ஐ ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அந்த மாதமே ஆலையை நிரந்தரமாக மூட அரசு உத்தரவிட்டது. தாமிரத்தோடு கந்தக அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் அங்கே உற்பத்தியாகிக்கொண்டிருந்தன என்பதால், இந்தக் கட்டுரையின் பொருளுக்கும் அந்த ஆலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நிலத்தடி நீரும் காற்றும் என்ன ஆகின்றன என்ற கேள்விக்கு ஊர் நம்பும்படி பதில் சொல்ல முடியாத எந்த மேம்பாடும் இந்தச் சாலையில் இனி நடமாட முடியாது. ஜிப்சம் மேட்டின் அடியில் என்ன விரித்திருக்கிறது, மழைநீர் எங்கே வடிகிறது, ரேடியம் அளவு என்ன என்பவை ஆலைக்குள் மட்டும் தெரிந்தால் போதாது. அருகிலுள்ள கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டிய கணக்குகள் அவை.

கரிசலின் பூட்டு

இனி வயலுக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் மண் சுண்ணாம்பு நிறைந்தது. கார அமில அளவு (pH) பல இடங்களில் எட்டைத் தாண்டும். பந்தல்குடிப் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு வரமாக அமைந்த அதே சுண்ணாம்பு, வயலில் மணிச்சத்தின், அதாவது பாஸ்பரஸ் சத்தின், பூட்டு. போட்ட டி.ஏ.பி. கரைந்த சில நாள்களில் மண்ணின் கால்சியத்தோடு கூடி, வேருக்கு எட்டாத கால்சியம் பாஸ்பேட்டாக இறுகிவிடுகிறது. போட்ட மணிச்சத்தில் அந்தப் பருவத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு அளவே. மிச்சம் மண்ணில்தான் கிடக்கிறது. ஆண்டுக்கணக்காக அடியுரம் போட்ட வயல்களில் அது சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இந்த மாவட்டத்தின் பாஸ்பேட் சுரங்கம் அந்த மேல்மண்தான்.

அதைத் திறக்கும் சாவி பலரும் கேள்விப்பட்டது. பாஸ்போபாக்டீரியா என்று பொட்டலத்தில் விற்கும் பேசில்லஸ் மெகாட்டீரியம் போன்ற நுண்ணுயிர்கள் கரிம அமிலங்களைச் சுரந்து, இறுகிய பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரிக்குப் பரிந்துரைக்கும் ஊட்டமேற்றிய தொழுஉரமும் இதே வேதியியல்தான். ஒரு ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மக்கிய தொழுஉரத்தோடு, போட வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரம் காட்டி, மூட்டம் போட்டு ஒரு மாதம் விட்டுவிட வேண்டும். எருவின் கரிம அமிலங்கள் மணிச்சத்தைப் பொதிந்துகொள்வதால் மண்ணின் சுண்ணாம்பு அதைச் சட்டெனப் பிடித்துக்கொள்ள முடியாது. விதைக்கும்போது சாலில் இட்டால் வேருக்குப் பக்கத்திலேயே கிடக்கும். உளுந்து, பாசிப்பயறுக்கு இரண்டு சதவீத டி.ஏ.பி. தெளிப்பு இன்னும் நேரான வழி. நான்கு கிலோ டி.ஏ.பி.யை முந்தின இரவு ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து பூக்கும் பருவத்திலும் பதினைந்து நாள் கழித்தும் இலையில் அடித்தால் மண்ணின் பூட்டு குறுக்கே வருவதே இல்லை.

கண்மாயிலிருந்து கரம்பை அடிப்பதும், அறுப்பு முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவதும் கரிசல் விவசாயிக்குப் பரம்பரை அறிவு. புழுக்கையிலும் வண்டலிலும் மணிச்சத்து திரும்பி வருகிறது. கண்மாய் வண்டலைக் கட்டணமின்றி எடுக்கத் தமிழக அரசு 2017-இல் வழி செய்தது. அந்த வண்டலைப் பரிசோதனைக் கூடத்தில் சோதித்து, எந்தக் கண்மாய் மண்ணில் எவ்வளவு சத்து என்று ஊராட்சிப் பலகையில் எழுதி வைத்தால், அடியுரத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்பதை விவசாயியே கணக்குப் போட்டுக்கொள்வார்.

நேரடியாகப் பாறைத்தூளையே வயலில் போட்டால் என்ன என்ற கேள்வியும் அடிக்கடி எழும். நீலகிரித் தேயிலைத் தோட்டத்தின் அமில மண்ணில் அது வேலை செய்யும், கரிசலில் செய்யாது. கார மண்ணில் பாறை கரையாமல் பாறையாகவே கிடக்கும். எருவோடும் நுண்ணுயிரோடும் சேர்த்து மக்கவைத்தால் மட்டுமே இங்கே அதற்கு ஒரு வாய்ப்பு.

தமிழ்நாட்டுப் பாறை

பாஸ்பேட் நம் மாநிலத்தில் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பழைய திருச்சி மாவட்டத்தில், இன்றைய பெரம்பலூர்–அரியலூர் பக்கம், ஊட்டத்தூர், காரை வட்டாரத்துக் கிரிட்டேசியஸ் காலக் களிமண் படிவங்களில் பாஸ்பேட் உருண்டைகள் கிடக்கின்றன. 1890-களிலேயே எச். வார்த் என்ற புவியியலாளர் இதைப் பதிவு செய்தார். அப்போதிருந்து இதைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை. பெரிய சுரங்கமும் வரவில்லை. காரணம் எளிது. உருண்டைகள் களிமண்ணில் சிதறிக் கிடப்பதால் கொஞ்சம் பாஸ்பேட்டுக்கு நிறைய மண்ணைக் கிளற வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்பும் இரும்பும் அலுமினியமும் கந்தக அமிலத்தை வீணாகக் குடித்துவிடும். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலுயிர்களின் புதைபடிவங்கள் நிறைந்த அந்த நிலத்தை, கொஞ்சம் உரத்துக்காகப் புரட்டிப்போடாமல் விட்டதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

மாநிலத்தின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலையை 1906-இல் ராணிப்பேட்டையில் ஈ.ஐ.டி. பாரி தொடங்கியது. பாறைத்தூளோடு கந்தக அமிலத்தைக் கலந்து, குவித்துவைத்து இறுகவிடும் அந்த எளிய முறை இன்றும் மாறவில்லை. 16 சதவீத மணிச்சத்தோடு 11 சதவீதம் கந்தகமும் ஜிப்சத்தின் கால்சியமும் தரும் சூப்பர் பாஸ்பேட், நிலக்கடலைக்கும் பயறுக்கும் எள்ளுக்கும் டி.ஏ.பி.யைவிடப் பொருத்தமான உரம். ஜிப்சம் உரத்துக்குள்ளேயே தங்கிவிடுவதால் கழிவுமலையும் இல்லை. குறைந்த தரமுள்ள உள்நாட்டுப் பாறையையும் சுத்திகரித்து இதற்குப் பயன்படுத்த முடியும். ஜாமர்கோட்ராவில் 16, 17 சதவீதப் பாறையை நுரைமிதப்பு முறையில் இரட்டிப்புத் தரத்துக்கு ஏற்றுகிறார்கள். டி.ஏ.பி. மூட்டைக்காக வரிசையில் நிற்கும் பருவத்தில் பக்கத்திலேயே சூப்பர் பாஸ்பேட் அடுக்கியிருப்பதை நம் விவசாயிகள் பலர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. விரிவாக்கப் பணியின் இந்தக் குறையை நிவர்த்தி செய்ய ஆலை எதுவும் கட்ட வேண்டியதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் எப்பாவலவில், அனுராதபுரம் மாவட்டத்தில், 1971-இல் அபடைட் பாறை கண்டுபிடிக்கப்பட்டது. இருப்பு சுமார் ஆறு கோடி டன். 1990-களில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கூட்டுத் திட்டம் அதை விரைவாகத் தோண்டி முடித்துவிடப் பார்த்தது. ஊர் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வருங்காலத் தலைமுறைக்கும் அந்தப் பாறையில் பங்குண்டு என்ற அடிப்படையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2000-இல் திட்டத்தை நிறுத்தியது. அந்தப் பாறையின் குறை, தண்ணீரில் எளிதில் கரையாதது. நெல்லுக்கும் பருவப் பயிருக்கும் ஏற்றபடி அதை உள்ளூரிலேயே கரைய வைக்கும் முறைகளை அங்குள்ள வேதியியலாளர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

உப்பளத்துக் கசப்பு நீர்

விருதுநகருக்கு மிகவும் பொருந்தும் வழி, நம் ஊர்களின் சாக்கடையில் தொடங்குகிறது. இந்தியர் ஒருவரின் உடலிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 0.4 கிலோ பாஸ்பரஸ் வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி சிறுநீரில். 1669-இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் பாஸ்பரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் சிறுநீரிலிருந்துதான். 2011 கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19.42 லட்சம். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 770 டன்னுக்கு மேல் பாஸ்பரஸ். டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்தாக மாற்றினால் சுமார் 75,000 மூட்டை. முழுவதையும் மீட்க எந்தப் பொறியியலாலும் முடியாது. பத்தில் ஒரு பங்கு மீண்டாலும் கப்பலில் வராத உரம் அது.

மீட்கும் வேதியியல் வியக்கத்தக்க அளவு எளிது. பாஸ்பேட்டும் அம்மோனியாவும் உள்ள கழிவுநீரில் மக்னீசியம் சேர்த்துக் காரத்தன்மையைச் சரியாக வைத்தால், ஸ்ட்ரூவைட் என்ற வெண்படிகம் அடியில் படியும். அதில் கிட்டத்தட்ட 29 சதவீதம் மணிச்சத்து, 5.7 சதவீதம் தழைச்சத்து, 10 சதவீதம் மக்னீசியம். கனடாவின் எட்மண்டனிலும் ஜப்பானின் ஃபுகுவோகாவிலும் கழிவுநீர் நிலையங்களில் இது நடந்திருக்கிறது. நேபாளத்தின் சித்திப்பூரில் மனிதச் சிறுநீரிலிருந்தே ஸ்ட்ரூவைட் செய்து பார்த்தார்கள். பெரிய கழிவுநீர் நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரஸை மீட்டாக வேண்டும் என்று ஜெர்மனி 2017-லேயே சட்டம் போட்டுவிட்டது.

இந்த முறையில் அதிகம் செலவு வைக்கும் பொருள் மக்னீசியம் உப்பு. தூத்துக்குடி, வேம்பார் உப்பளங்களில் அது கேட்பாரற்றுக் கிடக்கிறது. உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் அடர்ந்திருக்கும். உப்பின் தரத்தைக் கெடுக்கும் என்பதால் அதை வெளியேற்றிவிடுகிறார்கள். உலகில் பல ஆய்வுகள் ஸ்ட்ரூவைட்டுக்கு மலிவான மக்னீசிய மூலமாகத் தேர்ந்தெடுத்தது இதே கசப்பு நீரைத்தான். சாத்தூரிலிருந்து உப்பளம் ஒரு டேங்கர் லாரி அரை நாளில் போய்த் திரும்பும் தூரம்.

சிறுநீரைத் தனியாகச் சேர்ப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் அமைப்பு 2006-இல் கட்டிய பொதுக் கழிப்பறையில் சிறுநீரும் மலமும் தனித்தனியே சேர்ந்தன. வந்து பயன்படுத்தியவர்களுக்கே சிறு தொகை கொடுத்தார்கள். சேர்ந்த சிறுநீர் வாழைக்கு உரமாகச் சோதிக்கப்பட்டது. அமைப்பின் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சிறுநீரைத் தொலைதூர வயலுக்குச் சுமப்பதுதான் இந்த வழியின் பெரிய இடர். சுமையில் பெரும்பங்கு தண்ணீர். ஸ்ட்ரூவைட்டாக இறக்கிவிட்டால் நூற்றுக்கணக்கான லிட்டரின் மணிச்சத்து ஒரு சிறு பைக்குள் அடங்கும், வாடையும் இருக்காது.

கரிசலில் இதற்கும் ஒரு தடை உண்டு. ஸ்ட்ரூவைட் அமில மண்ணில் நன்றாகக் கரையும். காரமும் சுண்ணாம்பும் உள்ள மண்ணில் மெல்லத்தான் கரையும். டி.ஏ.பி. மூட்டைக்குப் பதிலாக அப்படியே இதைத் தூவிவிட்டு விளைச்சல் எதிர்பார்ப்பது விவசாயியை ஏமாற்றும் வேலை. தொழுஉரத்தோடு மூட்டம் போட்டு ஊட்டமேற்றினால் எவ்வளவு கரைகிறது, பாஸ்போபாக்டீரியா சேர்த்தால் எவ்வளவு, எந்த அளவு நயமாக அரைக்க வேண்டும் என்பவை வயலில் பார்த்தே சொல்ல வேண்டியவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மானாவாரிக்கான வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலிலும் விருதுநகரிலும் சிவகாசியிலும் பொறியியல் கல்லூரிகள். அவற்றின் ஆண்கள் விடுதி ஒன்றில் தனிக் குழாய், ஒரு கலக்கும் தொட்டி, ஒரு வடிதுணி, உப்பளத்திலிருந்து சில நூறு லிட்டர் கசப்பு நீர் இருந்தால் முதல் தொகுதிப் படிகம் கிடைத்துவிடும். தொட்டிகள் ஆடியில் ஓடத் தொடங்கினால், ஊட்டமேற்றிய எரு புரட்டாசி விதைப்புக்குத் தயாராகிவிடும். பக்கத்துப் பாத்தியில் டி.ஏ.பி., அதற்கடுத்த பாத்தியில் வெறும் தொழுஉரம் என்று வைத்து, பங்குனியில் பருத்தி எடுத்து முடிக்கும்போது எடைபோட்டுப் பார்த்துவிடலாம்.